எங்கள் எஸ்டேட்டுக்குக் கப்பல் வந்த கதை

தலைவராக இருக்கக் கொஞ்சமும் லாயக்கில்லாதவர்களுக்குத்தான் தலைவராகும் ஆசை அதிகமாக இருக்கும். யாரையோ குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஏழாம் வகுப்பு படித்த சாந்தாமணியை, அதாவது என்னைத்தான் சொல்கிறேன்.

அந்த வயதில் எங்கே நாலு பேர் கூடினாலும் அவர்களுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன். யாரும் கூடாத நாட்களில் எங்கள் வீட்டு முட்டைகோஸ் பாத்திக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறேன். (கோஸ்கள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டன. மனிதர்களிடம் எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.)

சேரம்பாடிப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட் அது. அப்பா அங்கே ஃபேக்டரி ஃபோர்மன். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து மலையிலேயே தங்கிவிட்டவர். நாங்கள் மேட்டில் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம் லயங்கள், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் இருந்த வரிசை வீடுகள். அங்கே முக்கால்வாசிப் பேர் சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். என் சிநேகிதி ஜெயராணியின் அம்மா தெய்வானையக்காவும் அப்படித்தான். பாவாடை கட்டிய வயதில் கப்பலேறி வந்தவர். ஜெயராணிக்கு அப்பா இல்லை. தெய்வானையக்கா பறிக்கிற தேயிலைக் கொழுந்தில்தான் ஜெயராணியும் அவள் தம்பியும் சாப்பிட்டார்கள்.

தேயிலை விலை விழுந்த வருடங்கள் அவை. விழுந்தது என்றால் அப்படி இப்படி இல்லை, எழுந்திருக்க மனசே இல்லாதது போல விழுந்து கிடந்தது. ஒருநாள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பாதி வேலையில் மலையிலிருந்து இறங்கச் சொன்னார்கள். ஃபேக்டரிக்கு முன்னால் இருக்கிற பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து மேனேஜர் பேசினார். பெரட்டுக்களம் என்றால் காலையில் தொழிலாளர்கள் வந்து வரிசையில் நிற்கிற இடம். அங்கே பேர் போட்டால்தான் அன்றைக்கு வேலை. மேனேஜர் சொன்னது இவ்வளவுதான். எஸ்டேட்டை மூடுகிறோம், இது கொஞ்ச நாளைக்குத்தான், மறுபடி திறக்கிற அன்று சங்கு ஊதுவோம், சங்குச் சத்தம் கேட்டதும் எல்லாரும் பெரட்டுக்கு வந்துவிடுங்கள். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனவர்தான். அதன்பிறகு அந்த ஜீப் மேலே வரவில்லை.

சங்கு என்று நாங்கள் சொன்னது ஃபேக்டரிக் கூரையில் இருந்த பெரிய மின்சாரச் சைரனை. அதை ஊதுவது அப்பாவின் வேலை. நீளமாக ஒன்று, மூச்சு விடுகிற நேரம் இடைவெளி, மறுபடி நீளமாக ஒன்று. ஃபேக்டரி மூடிய பிறகும் இன்ஜின் ரூமுக்குக் கரண்ட் விட்டுவைத்திருந்தார்கள். அப்பா தினமும் போய் மிஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வருவார். கீழே லயத்தில் பெண்கள் கொழுந்துக் கூடைகளைப் பரணில் ஏற்றவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். ரோட்டில் லாரி ஹாரன் கொஞ்சம் நீளமாக அடித்தால்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். எல்லாம் நான் கண்ணால் பார்த்ததுதான். எனக்குத் தெரியாமல் நடந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குப் போக ஆரம்பித்தார்கள். பனியன் கம்பெனிகளுக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்ட் வேன் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போவார். எங்கள் பள்ளியில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. மிச்சம் இருக்கிற பிள்ளைகளையாவது பிடித்துவைக்க எங்கள் ரோஸ்லின் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாசகர் வட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சாகச நாவலிலிருந்து ஒரே ஒரு அத்தியாயம் வாசிக்கப்படும். புயலில் மாட்டிய பிள்ளைகள் ஆளில்லாத தீவில் ஒதுங்கி, கொள்ளைக்காரர்களிடம் மாட்டி, தப்பித்து, மறுபடி மாட்டுகிற கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் யாராவது ஒருவர் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருப்பார். அவர் விழுந்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே பிள்ளைகள் அடுத்த வெள்ளிக்கிழமை வரை பள்ளிக்கு வந்தார்கள்.

இருந்தது ஒரே ஒரு புத்தகம். அதை உரக்க வாசிக்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே நான் எடுத்துக்கொண்டேன். பிறகு டீச்சர் இதையே ஒரு செயல்திட்டமாகச் செய்யலாம் என்றார். நாவலில் ஒரு கட்டத்தை நாடகமாகப் போட வேண்டும், நன்றாக வந்தால் ஊட்டியில், பெர்ன்ஹில்லில் ஒரு பெரிய பள்ளியில் நடக்கிற மாவட்ட விழாவுக்கு அழைத்துப் போவார்கள். ஊட்டி! எனக்கு அன்றிரவு சாப்பாடே இறங்கவில்லை.

பாத்திரங்களை நானே பங்கிட்டேன். கேப்டன் நான். கேப்டனின் தங்கை இறந்துபோவதால் அவள் பேச வேண்டிய வசனங்களும் எனக்கு. (நாவலில் அவள் சாகவில்லை. எனக்கு வசனம் போதவில்லை, அதனால் செத்தாள்.) மற்றவர்கள் அலைகளாகவும் தென்னை மரங்களாகவும் இருந்தார்கள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளிக் காகிதத்தில் எனக்குத் தொப்பி. கரித்துண்டால் மீசை. நாடகத்துக்கு இடம் பெரட்டுக்களம்தான், ஏனென்றால் எங்கள் மலையில் சமதரை என்று வேறு எதுவும் கிடையாது. பின்னால் நீளநீளமாக ஜன்னல் வைத்த ஃபேக்டரித் தகரக் கட்டடம், தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் கப்பல். அதன் சுவரில் சுண்ணாம்பால் கப்பலின் பெயரை எழுதினேன். நாவலில் கப்பலுக்கு வேறு பெயர். நான் எழுதியது ‘சாந்தாமணி’.

ஜெயராணிக்குக் கொடுத்தது கப்பலின் ஊதல். கடைசிக் கட்டத்தில் தீவில் எல்லாரும் நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் கப்பல் சங்கு கேட்க வேண்டும். அவள் வீட்டு மண்ணெண்ணெய்ப் புனலைக் கொண்டுவந்து ஊதினாள். கன்றுக்குட்டிக்கு வயிற்றுவலி வந்தது போல ஒரு சத்தம் வந்தது. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் அலைகள் தரையில் விழுந்து சிரித்தன. எனக்கு மானம் போனது. பேசாமல் ஃபேக்டரிச் சங்கையே ஊதிவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். ஜெயராணி புனலை இறக்கிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“அத ஊதுனா லயமே எந்திரிச்சு வந்துரும்டி.”

“வரட்டுமே, நாடகம் பாக்க ஆள் வேணுமில்ல?” என்றேன்.

இந்த ஒரு வரியை யாரும் ஞாபகப்படுத்தாமலே எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ நினைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நினைவுக்கு வந்து என்னை நானே தொடையில் கிள்ளிக்கொள்வேன்.

நாடகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெயராணி வந்து, நாளைக்கு மத்தியானம் கோயில் முக்குக்கு ஏஜென்ட் வேன் வருகிறது, அவர்களும் திருப்பூர் போகிறார்கள், நாடகத்துக்கு வர முடியாது என்றாள். அழுதிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. உற்ற தோழி ஊரைவிட்டுப் போகிறாள். நல்ல பிள்ளையாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருக்கும். நான் கேட்டது, அப்படியானால் யார் ஊதுவது? ஊதிவிட்டுப் போ என்றேன். மூட்டை கட்ட வேண்டும், அம்மா விடாது என்றாள். அப்படியானால் கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கிறதென்று உனக்குச் சொல்ல மாட்டேன் என்றேன். அதை நான் மட்டும்தான் வாசித்திருந்தேன். அவள் புனலைக் கையில் பிடித்தபடியே ஓடைப் பக்கம் இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை அப்பா கேட்டைத் திறந்துவிட்டார். பெஞ்சு எடுப்பதற்காகச் சாவிக்கொத்தை ஆபீஸ் தாழ்வாரத்து ஆணியில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டு, “கண்ணு, இன்ஜின் ரூம் பக்கம் ஆரும் போகப்படாது, பாத்துக்க” என்று சொன்னார். பொறுப்பான பிள்ளை என்று என்னை நம்பி என்னிடமே சொன்னார். பிறகு ஓடைக்கரையில் தண்ணீர் பம்ப் ரிப்பேர் என்று போய்விட்டார்.

நாடகம் தொடங்கியது. பள்ளி மொத்தமும் தரையில் உட்கார்ந்திருந்தது. மொத்தம் என்றாலும் பெரிய கூட்டமில்லை. நான் பேசினேன். பேசிக்கொண்டே இருந்தேன். தென்னை மரங்களில் ஒன்று கை வலித்து ஓலைகளைக் கீழே போட்டுவிட்டது. தங்கை இறந்தாள், நானே அழுதேன், நானே தேற்றினேன். கடைசியில் கடலைப் பார்த்துக் கையை நீட்டி, “அதோ, என்ன சத்தம் அது?” என்றேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஜெயராணியின் இடத்தில் நான் நிறுத்தியிருந்த இரண்டாவது தென்னை மரம் பயத்தில் எச்சிலை விழுங்கிவிட்டு வாயாலேயே “பூம்” என்றது.

பள்ளி சிரித்தது. ரோஸ்லின் டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் பெர்ன்ஹில் கண்ணெதிரே கரைவதைப் பார்த்தேன். “நான் குன்றின் மேல் ஏறிப் பார்த்து வருகிறேன், யாரும் அசையாதீர்கள்!” என்று சொல்லிவிட்டு (இந்த வசனம் அந்த நிமிஷம் பிறந்தது, இன்றும் அதைப் பற்றி எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு) தொப்பியும் மரக்கத்தியுமாக ஓடினேன். சாவிக்கொத்தை எடுத்தேன். இன்ஜின் ரூமைத் திறந்தேன். சுவிட்சை இறக்கினேன்.

நான் கடலையே பார்த்ததில்லை. கப்பல் எப்படி ஊதும் என்று எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த சங்கு ஒன்றுதான். நீளமாக ஒன்று, மூச்சு விடுகிற நேரம் இடைவெளி, மறுபடி நீளமாக ஒன்று. பிசகில்லாமல் அப்பா ஊதுவது போலவே ஊதினேன்.

அப்பப்பா, என்ன சத்தம். எத்தனையோ மாதங்களாகக் கேட்காத சத்தம். எனக்கே உடம்பு சிலிர்த்தது. வெற்றி நடை போட்டுத் திரும்பி வந்தேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் மட்டும் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்ன பண்ணினாய் என்று மெதுவாகக் கேட்டார்.

“கப்பல், டீச்சர்” என்றேன்.

அதற்குள் கீழே நாய்கள் குரைக்க ஆரம்பித்துவிட்டன. பிறகு தகரக் கதவுகள் திறக்கிற சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு ஆட்கள். ஓடைப் பாலத்தில் முதலில் ஒருவர், பிறகு கூட்டம் கூட்டமாக. பெண்கள் ஓடிக்கொண்டே இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டார்கள். (செடி கிழிக்காமல் இருக்கச் சேலைக்கு மேல் சுற்றுகிற கனத்த துணி அது.) முதுகில் கூடை. ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்தபடி வந்தார். வேலைச் சங்கு எதற்கு நடுப்பகல் நெருங்குகிற நேரத்தில் ஊதுகிறது என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்தவர்களுக்கு நேரம் எல்லாம் ஒரு பொருட்டா?

களத்துக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே அவரவர் பழைய இடத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. பெஞ்சுகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் பார்த்து, திறப்பு விழாவுக்காகத்தான் நாங்கள் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அக்கா என் மீசையைப் பார்த்து, வேஷம் நல்லா இருக்கு பாப்பா என்று கன்னத்தைத் தட்டினார். இன்னொருவர், தொரை எப்ப வருவார், ஐயா எங்கே என்று என்னிடம் கேட்டார். (தொரை என்றால் மேனேஜர், ஐயா என்றால் என் அப்பா.)

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கோஸ் பாத்திக்கு முன்னால் மணிக்கணக்கில் பேசிய வாய் அது. நான் செய்தது என்ன தெரியுமா? நானும் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியாகத் தெய்வானையக்கா வந்தார். பயணத்துக்காகக் கட்டியிருந்த நல்ல சேலைக்கு மேல் படங்கைச் சுற்றியிருந்தார். வேனில் ஏற்றிய மூட்டைகளை இறக்கிக் கோயில் முக்கில் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடிக் கூடையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மகனை இடுப்பில் தூக்கியிருந்தார். பின்னால் ஜெயராணி, இரட்டைச் சடையும் ரிப்பனுமாக, கையில் அந்தப் புனலோடு, மூச்சிரைக்க ஓடிவந்தாள். கீழேயிருந்து வந்தவர்களில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சத்தம் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அம்மா, அது கப்பலும்மா. சொன்னாக் கேளும்மா, கப்பல்!”

வழி நெடுக இதையே சொல்லி அழுதுகொண்டு வந்திருக்கிறாள். தெய்வானையக்கா திரும்பி அவள் முதுகில் ஒன்று வைத்தார்.

“கப்பல் சத்தம் எனக்குத் தெரியாதாடி? நான் கப்பல்ல வந்தவ. இது நம்ம சங்கு.”

ஓடைப் பக்கத்திலிருந்து அப்பா ஓடிவந்தார். சட்டையெல்லாம் சேறு. வழியிலேயே ஈரக் கையால் தலையைப் படிய வாரிக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் முகத்திலும் அதே சிரிப்பு. மேனேஜரின் ஜீப் எங்கே நிற்கிறது என்று கழுத்தை நீட்டித் தேடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவும் நம்பிவிட்டார். அவருக்கும் பல மாதமாக அரைச் சம்பளம். அவரும் தினமும் அந்த மிஷின்களைத் துடைத்துக்கொண்டு இந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

ஜீப் இல்லை. அவர் கண் என் கையில் இருந்த சாவிக்கொத்துக்கு வந்தது. பிறகு என் தொப்பிக்கு. பிறகு எனக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் இருந்த ‘சாந்தாமணி’க்கு.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைத் தாண்டிப் போய், வரிசைக்கு முன்னால் நின்று, கையைக் கூப்பினார். எங்கள் அப்பா யாரிடமும் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

“வேலை இல்லீங்க. என்ற புள்ள தெரியாம ஊதிப்புட்டா. எல்லாரும் மன்னிச்சுக்கோணும்.”

தெரியாமல் என்றார். லயமே எழுந்து வரும் என்று தெரிந்தேதான் ஊதினேன் என்பது எனக்கும் ஜெயராணிக்கும் மட்டும்தான் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

வரிசையில் யாரும் அசையவில்லை. ஒரு அக்கா மட்டும் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது திட்டுவார்கள், ஒரு பிடி மண்ணையாவது வாரி என்மேல் போடுவார்கள் என்று காத்திருந்தேன். தெய்வானையக்கா மகனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்.

“வந்தது வந்துட்டோம். பேரையாச்சும் போட்டுருங்கய்யா” என்றார்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே வரிசை வரிசையாகப் பரவியது. பாதி சவரம் செய்தவரைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவர் படங்கை ஒருவர் இழுத்துவிட்டுச் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கூப்பிய கையை இறக்கவும் இல்லை.

அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில்தான் ஜெயராணி, “அம்மா, வேன்?” என்று கேட்டாள்.

வேன் போய்விட்டது. ஏஜென்ட் இப்படி எத்தனை ஊரைப் பார்த்திருப்பார், இறங்கியவர்களை விட்டுவிட்டு இறங்காதவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோயில் முக்குக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், மூட்டைகள் மட்டும் கிடக்கின்றன என்றார். தெய்வானையக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அதுவரை எனக்கு வெட்கம்தான். அப்போதுதான் பயம் வந்தது. அவர்களுக்கு இங்கே வேலை இல்லை, அங்கே போக வண்டி இல்லை, அடுப்பைக்கூடக் கலைத்துவிட்டு வந்தவர்கள். இத்தனைக்கும் காரணம் ஒரு தென்னை மரம் “பூம்” என்று சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாததுதான்.

ரோஸ்லின் டீச்சர் என்ன நினைத்தாரோ, பெண்களையெல்லாம் உட்காரச் சொன்னார். நாடகத்தில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது, முடித்துவிடுங்கள், அவர்கள் வந்ததற்கு அதையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். மிச்சம் இருந்தது என் வசனம் ஒன்றுதான். அதை நான் ஆயிரம் முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். “கப்பல் வந்துவிட்டது! நாம் பிழைத்தோம்!”

முன்னால் கூடைகளோடு அவர்கள் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெய்வானையக்காவும்தான். நீங்களே சொல்லுங்கள், எந்த வாயால் அதைச் சொல்வது? நான் வாயைத் திறந்தேன், மூடினேன். கரி மீசை வியர்வையிலும் கண்ணீரிலும் கரைந்து உதட்டுக்குள் போய்க் கசந்தது. அப்போது பெண்களுக்கு நடுவிலிருந்து கன்றுக்குட்டிக்கு வயிற்றுவலி வந்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஜெயராணி புனலை ஊதிக்கொண்டிருந்தாள். எனக்காக ஊதினாள். களம் முழுக்கச் சிரித்தது, அவள் அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். என் வசனத்தை இரண்டாவது தென்னை மரம் சொல்லி முடித்தது. அதுவும் நன்றாகவே சொன்னது.

பெர்ன்ஹில்லுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. டீச்சர் எழுதவேண்டிய மதிப்பீட்டில் எங்கள் குழுவுக்கு ‘ஒலி அமைப்பு: மிக நன்று’ என்று மட்டும் எழுதியிருந்தார். அது பாராட்டா, சாட்டையடியா என்று அவரிடம் கேட்கிற தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குப் போனார். திருப்பூரில் அவருக்கு ஒரு பங்காளி, பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மறுநாள் பஸ்ஸில் தானே கூட்டிப்போய் அவரிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். தெய்வானையக்கா அப்பாவை ஐயா ஐயா என்று சொல்லி, பாப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க என்றார். நான் வாசலில் நின்று ஆணியில் மாட்டியிருந்த கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரிய மூட்டையை நான்தான் தலையில் வைத்து பஸ் ஸ்டாப் வரை தூக்கினேன். அப்பா சொல்லவில்லை, நானே கேட்டு வாங்கினேன். பாதி வழியில் கழுத்து உள்ளே போய்விடும்போல இருந்தது, இறக்கவில்லை. ஜெயராணி பஸ் ஏறி ஜன்னலைத் திறந்தாள். கடைசி அத்தியாயத்தை நான் கீழே நின்றபடி மூச்சுவிடாமல் சொன்னேன். கொள்ளைக்காரர்கள் பிடிபட்டது, தங்கை சாகாதது, எல்லாம்.

“கப்பல்ல எல்லாருக்கும் இடம் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

இருந்தது என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. வேறு யாரோ எஸ்டேட்டை வாங்கினார்கள். புது மேனேஜர் ஒரு காலையில் அப்பாவைச் சங்கு ஊதச் சொன்னார். அப்பா ஊதினார். நீளமாக ஒன்று, இடைவெளி, நீளமாக ஒன்று. மேனேஜர் களத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒருத்தரும் வரவில்லை. பாலத்தில் ஒரு கோழிகூட இல்லை. மேனேஜருக்கு ஒன்றும் புரியாமல் ஆள் அனுப்பிப் பார்த்தால், லயத்தில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபோர்மன் வீட்டுப் பாப்பா மறுபடி கப்பல் விடுகிறது என்றார்களாம்.

அப்பா வீட்டுக்கு வந்தார். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் லயத்துக்கு எதிரே மேட்டில், எல்லா வாசலிலிருந்தும் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னார். நான் சொல்கிறவரை இறக்காதே என்று சொல்லிவிட்டு இன்ஜின் ரூமுக்குப் போனார். நான் யூனிஃபார்மில், புத்தகப் பையோடு, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றேன். சங்கு மறுபடி ஊதியது. கீழே வாசல்களுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என் கைகளைப் பார்த்தார்கள், இந்தத் தடவை ஊதுவது நான் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்கள். பிறகுதான் கூடையை எடுத்தார்கள்.

எல்லாரும் என்னைத் தாண்டித்தான் மேலே போனார்கள். கையை இறக்கு பாப்பா, நம்பிட்டோம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். தெய்வானையக்கா வீட்டுக் கதவில் மட்டும் பூட்டு தொங்கியது.

அன்று மாலை அப்பா சேரம்பாடிக்குப் போய் பூத்திலிருந்து பங்காளியின் கம்பெனிக்கு போன் செய்து, தெய்வானையக்காவைக் கூப்பிடச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். அவர், “நெசமாய்யா, இல்ல கப்பலா?” என்று கேட்டாராம். நிஜம்தான் என்பதற்கு ஆதாரமாக, என்னைக் கை தூக்க வைத்ததை அப்பா சொல்லியிருக்கிறார். தெய்வானையக்கா சிரித்துவிட்டு, பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்தாச்சு ஐயா, இனி எங்கே வருவது என்று சொல்லிவிட்டார். அந்தக் கூடையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நல்ல செய்தி என்று எது வந்தாலும் கேள்வி ஒன்றுதான். பாஸ் ஆனேன் என்றால், கப்பலா? வேலை கிடைத்தது என்றால், கப்பலா? என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று தரகர் வந்து சொன்னபோது அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க, இது கப்பலில்லீங்களே?” என்றார். தரகர் ஏதோ குலவழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஜெயராணி இப்போதும் திருப்பூரில்தான் இருக்கிறாள். சொந்தமாக நாலு தையல் மிஷின் போட்டிருக்கிறாள். போன மாதம் என் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல போன் செய்தேன். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். அவள் சந்தோஷப்பட்டாள், யாரிடமோ உரக்கச் சொன்னாள், பிறகு போனுக்குத் திரும்பினாள்.

“அம்மா கேக்குது, கையத் தூக்கியிருக்கியான்னு.”

தெய்வானையக்காவுக்கு இப்போது காது மந்தம். பதில் வரும்வரை விட மாட்டார். நான் சமையலறையில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

“தூக்கிட்டேன்னு சொல்லு” என்றேன்.